ஈர்க்கு நுழையாத துவாரங்கள்

என் அண்ணன் கட்டிய வீட்டில்தான் நானும் அம்மாவும் இருக்கிறோம். இதை எத்தனையோ பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன். கூட வேலை செய்யும் ஆசிரியர்களிடம், நானுஓயாவிலிருந்து வரும் வேனில் பக்கத்தில் உட்கார்ந்தவர்களிடம், கொழும்பில் கடை வேலை பார்க்கும் என் கணவரிடம் தொலைபேசியில். இப்போதும் அது உண்மைதான். சொல்வதை மட்டும் நிறுத்திவிட்டேன்.

நானும் அண்ணனும் வளர்ந்தது தேயிலைத் தோட்டத்தின் பழைய லயத்தில், தொழிலாளர் வரிசை வீடுகளில். காம்பரா என்னும் ஒரே அறை, அதற்கு முன்னால் திண்ணை போலச் சின்ன இஸ்தோப்பு, இஸ்தோப்பின் ஒரு மூலையைத் தகரத்தால் மறைத்துச் சமையல். முதுகோடு முதுகு ஒட்டிக் கட்டிய லயம் என்பதால் பின்பக்கம் ஜன்னல் கிடையாது. பின்சுவருக்கு அந்தப் பக்கம் வேறொரு குடும்பம் இருமிக்கொண்டிருக்கும். கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் குச்சி, மிலாறுதான் எங்களுக்கு விறகு. மழைக்காலத்தில் அது எரிவதைவிடப் புகைவதே அதிகம். முன்வாசல் ஒன்றுதான் வழி. குளிருக்கு அதையும் சாத்திவிட்டால் புகை எங்களோடேயே இருக்கும். எங்கள் புத்தகங்கள், போர்வை, பாடசாலைச் சட்டை எல்லாவற்றிலும் அந்த வாசனை. டவுனில் கடைக்குப் போனால் கடைக்காரர் எங்களைப் பார்க்காமலே தோட்டத்துப் பிள்ளைகள் என்று தெரிந்துகொள்வார்.

அண்ணன் மேசன் வேலை பழகிய முதல் வருடம், ஒரு ஞாயிற்றுக்கிழமை, சமைத்துக்கொண்டிருந்த அம்மா இருமல் தாங்காமல் வெளியே வந்து உட்கார்ந்துவிட்டார். அண்ணன் உடனே எழுந்தார். கூரை மேல் ஏறி, அடுப்புக்கு நேரே இருந்த தகரத்தின் ஆணிகளைக் கழற்றி, ஒரு பக்கத்தைத் தூக்கி அடியில் கட்டை கொடுத்தார். சற்று நேரத்தில் புகை அந்த இடைவெளியைக் கண்டுபிடித்து மேலே போகத் தொடங்கியது. மறுநாள் தோட்ட வேலையை மேற்பார்க்கும் கண்டாக்கு ஐயா வந்து, கூரையில் கை வைக்க யார் சொன்னது என்று சத்தம் போட்டார்.

"அப்ப எங்கம்மா மூச்சு முட்டிச் சாகட்டுங்களா?" என்று அண்ணன் கேட்டார்.

கண்டாக்கிடம் அப்படி யாரும் கேட்டு நான் அதுவரை பார்த்ததில்லை. அவர் திரும்பிப் போய்விட்டார். அன்றிலிருந்து என் அண்ணனைப் போல ஒருவர் இந்தத் தோட்டத்தில் இல்லை என்று நினைத்து வந்தேன். ஒரு வீட்டில் காற்று போக வழி இல்லையென்றால் என்ன ஆகும் என்பது தெரியாதவர் அல்ல அவர். அதைச் சொல்லத்தான் இந்தப் பழைய கதையை எடுத்தேன்.

சில வருடங்களுக்கு முன், லயத்துக்கு மேலே மண் பிளந்திருக்கிறது, சரியலாம், எல்லோரும் லயத்தை விட்டு எழும்ப வேண்டும் என்று சொன்னார்கள். மேல் மலையில் இருபது தனி வீடுகள் கட்டித் தர ஏற்பாடானது. கோயில் மண்டபத்தில் கூட்டம் வைத்து, அதிகாரி ஒருவர் வீட்டின் வரைபடத்தை வாங்குப் பலகையின் மேல் விரித்தார். இளம் பெண். சிங்களத்தில் பேசினார். நான் பக்கத்தில் நின்று தமிழில் சொன்னேன். ஒவ்வொரு அறையிலும் எதிரெதிரே இரண்டு ஜன்னல். ஒவ்வொரு ஜன்னலுக்கும் மேலே, கூரைக்குக் கிட்ட, வரிசையாகத் துவாரங்கள். சமையலறையில் அந்தத் துவாரங்கள் இரண்டு வரிசை. சூடான காற்று மேலே ஏறும்; மேலே வழி இருந்தால் புகையும் ஈரமும் அதோடு போய்விடும்; மழைக்கு ஜன்னலைச் சாத்தினாலும் அந்தத் துவாரங்கள் திறந்தே இருக்கும். இதைத் தமிழில் சொல்லச் சொல்ல என் கண் அந்தக் கோடுகளிலேயே நின்றது. முப்பது வருடம் அம்மா தின்ற புகைக்கு யாரோ ஒருவர் உட்கார்ந்து ஒரு கோடு போட்டிருக்கிறார்.

ஆனால் பலருக்குப் போக மனமில்லை. லயத்துக்குப் பக்கத்தில் தண்ணீர்க் குழாய், கோயில், கடை எல்லாம் இருந்தன. அதைவிட, சுவரில் துவாரம் என்பது அவர்களைப் பயமுறுத்தியது. பக்கத்துக் காம்பராவில் ஓர் அக்கா இருந்தார். கொழுந்து பறிப்பவர், பல வருடமாக இழுப்பு நோய். அவர் நேராகவே கேட்டார்.

"இந்தக் குளிர்ல செவத்துல ஓட்ட வச்சா எப்புடி டீச்சர்? பனி அப்புடியே உள்ள எறங்காதா? எனக்கு இருக்கிற நெஞ்சுக்கு ஒரு மாசம் தாங்க மாட்டேன்."

நான் ஓர் ஊதுபத்தியைக் கொளுத்தி அவர் அடுப்படியில் பிடித்தேன். புகை நேராக மேலே போய், கூரைத் தகரத்தில் முட்டி, படர்ந்து, மெதுவாக எங்கள் தலை மட்டத்துக்கு இறங்கியது.

"பாருங்கக்கா. அது மேலதான் போகப் பாக்குது. வழி இல்லாமத்தான் திரும்பி ஒங்க நெஞ்சுக்கு வருது. ஓட்ட நம்ம தலைக்கு மேல இருக்கும். பனி ஒங்க படுக்கைக்கு வராது. பொகை வெளிய போகும்."

அவர் கொஞ்ச நேரம் அந்தப் புகையையே பார்த்தார். "ஒங்க அண்ணந்தானே கட்டப் போறாரு?" என்றார்.

"ஆமாக்கா. அவருதான் மேசன்மாருக்குப் பெரிய பாஸ்."

"அப்பச் சரி."

அப்படித்தான் பத்தொன்பது காம்பராவுக்கும் ஊதுபத்தியோடு போனேன். முடிவில் எல்லோரும் கையெழுத்துப் போட்டார்கள்.

வேலை தொடங்கியதும் வாரத்தில் இரண்டு மூன்று நாள் பாடசாலை விட்டு மேலே ஏறிப் போய்ப் பார்ப்பேன். அண்ணன் வட்டவளையில் அண்ணியின் ஊரில் குடியிருந்தார். கிழமை முழுவதும் இங்கே மேசன்மாரோடு கொட்டிலில் தங்கி வேலை செய்தார். சுவர்கள் எழும்பின. பரீட்சை வேலையால் ஒரு மாதம் நான் மேலே போகவில்லை. பிறகு போனபோது வீடுகளுக்குப் பூச்சுப் பூசி முடிந்திருந்தது. ஜன்னல்களுக்கு மேலே அந்தத் துவாரங்கள், பூ வடிவத்தில், வரிசை பிசகாமல். உள்ளே போய் அண்ணாந்து பார்த்தேன். உள்பக்கமும் அதே பூக்கள், அதே கறுத்த துவாரங்கள். அழகாக இருந்தது. ஒன்று மட்டும் உறுத்தியது.

"அண்ணே, ஓட்டையில வெளிச்சமே தெரியலையே."

அவர் கை கழுவிக்கொண்டிருந்தார். திரும்பாமலே சொன்னார். "மழத்தண்ணி உள்ள வரக் கூடாதுன்னு உள்ளுக்குள்ள சாய்ச்சு வச்சிருக்கு தங்கச்சி. அதான் வெளிச்சம் தெரியாது. காத்து நல்லா வரும்."

எவ்வளவு யோசித்துச் செய்திருக்கிறார் என்று நினைத்துக்கொண்டேன். பிறகு அதே கேள்வியை வேறு சிலர் என்னிடம் கேட்டபோது, அந்த வாக்கியத்தை அப்படியே அவர்களிடம் சொன்னேன். சாய்த்து வைத்திருக்கிறது. அதனால்தான் வெளிச்சம் தெரியாது.

பால் காய்ச்சிக் குடிபோன அன்று சமையலறை முழுவதும் புகை. சிரித்துக்கொண்டே கண்ணைத் துடைத்தோம். அன்று எல்லா வீட்டிலும் ஒரே நேரத்தில் அடுப்பு எரிந்ததால் இருக்கும் என்றார்கள். பிறகும் புகை போகவில்லை. அண்ணனைக் கேட்டேன். புதுச் சுவர், ஈரம் காய மூன்று நான்கு மாதமாகும் என்றார். வெயில் காலத்தில் ஜன்னல்களைத் திறந்து வைத்துச் சமாளித்தோம். கேஸ் கிடைப்பதே அரிதாகிவிட்டிருந்த நேரம் அது. கேஸ் அடுப்பு வாங்கியிருந்தவர்களும் திரும்ப மிலாற்றுக்கு வந்திருந்தார்கள்.

பிறகு மழை பிடித்தது. இங்கே மழை பிடித்தால் வாரக்கணக்கில் விடாது. காற்றோடு அடிக்கும் மழைக்கு ஜன்னல் திறக்க முடியாது. சாத்தினால் உள்ளே சமையல் ஆவி, துணி ஈரம், ஆட்களின் மூச்சு, புகை, எல்லாம் சேர்ந்து சுவரில் வியர்த்தது. காலையில் சுவரைத் தொட்டால் கை நனையும். அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாகப் பூஞ்சணம் பிடித்தது. லயத்திலாவது தகர இடுக்குகள் வழியாகக் கொஞ்சம் புகை போனது. இந்த வீடுகளுக்கு இடுக்கே இல்லை. அம்மாவின் இருமல் லயத்தில் இருந்ததைவிட மோசமானது. நான் அம்மாவுக்கு வயதாகிறது என்று நினைத்தேன். என் புத்தி அந்தத் துவாரங்களின் பக்கம் போகவே இல்லை. அதை நம்பச் சொன்னவர் என் அண்ணன்.

ஒரு நாள் பக்கத்து வீட்டு அக்காவுக்கு இழுப்பு அதிகமாகி ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். நான் பார்க்கப் போனேன். மூக்கில் குழாயோடு படுத்திருந்தவர் மெதுவாகச் சொன்னார்.

"டாக்டர் கேட்டாரு டீச்சர், சமைக்கிற எடத்துல பொகை போக வழி இருக்கான்னு. இருக்குங்க, எங்க டீச்சர் எல்லாத்தையும் பாத்துத்தான் எங்களக் கூட்டிட்டுப் போனாங்கன்னு சொன்னேன்."

வீட்டுக்கு வந்ததும் துவாரங்களில் கரி அடைத்திருக்கும், சுத்தம் செய்தால் சரியாகும் என்று தோன்றியது. விளக்குமாற்றிலிருந்து நீளமான ஈர்க்கு ஒன்றை உருவிக்கொண்டு கதிரை மேல் ஏறினேன். ஈர்க்கு ஒரு விரல் கணு அளவு உள்ளே போய் நின்றது. கரிதான் என்று அழுத்தினேன். ஈர்க்கு வளைந்தது. அடுத்த துவாரம், அதற்கடுத்தது. பதினான்கு துவாரங்களிலும் அதே கணு அளவு. கரண்டிக் காம்பால் உள்ளே சுரண்டினேன். கறுப்பு உதிர்ந்தது. அது கரி இல்லை, பெயின்ட். அதற்குப் பின்னால் சாம்பல் நிறத்தில் சீமெந்துச் சுவர், எந்தக் குறையும் இல்லாமல், உறுதியாக.

வெளியே போய், மழையில் நனைந்துகொண்டே ஏணி வைத்து வெளிப்பக்கமும் பார்த்தேன். அங்கேயும் அப்படித்தான். பூச்சு ஈரமாக இருக்கும்போது அச்சு வைத்து அழுத்தி, பள்ளங்களுக்குள் கறுப்பு அடித்திருந்தது. துவாரம் என்று ஒன்று இல்லவே இல்லை. துவாரம் போல ஒரு படம் இருந்தது.

ஏணியில் எவ்வளவு நேரம் நின்றேன் என்று தெரியாது. அம்மா வாசலில் வந்து, "மழையில என்னா புள்ள பண்ற?" என்று கேட்டார். ஏணியிலிருந்து இறங்கி உள்ளே வந்தேன்.

அண்ணனைத் தொலைபேசியில் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை கட்டாயம் வரச் சொன்னேன். வந்தார். கையில் அம்மாவின் நெஞ்சில் தேய்க்கத் தைலப் போத்தல் ஒன்று வைத்திருந்தார். அதை வாங்காமல் ஈர்க்கை எடுத்து நீட்டினேன்.

"அண்ணே, அந்தக் கதிரையில ஏறி, மேல இருக்கிற ஓட்டையில இந்த ஈர்க்க விட்டுப் பாருங்க."

அவர் மேலே பார்க்கவில்லை. தைலத்தை மேசையில் வைத்தார். "ஏறிப் பாக்கணுமா?" என்றார்.

"அப்ப ஒங்களுக்குத் தெரியும்."

"தெரியும்."

அவர் மறுப்பார், யாரோ செய்தார்கள் என்பார், கோபப்படுவார் என்றெல்லாம் எதிர்பார்த்திருந்தேன். அந்த ஒரு சொல்லுக்கு நான் தயாராக இல்லை.

"ஓட்ட வைக்கிறதுன்னா அதுக்கு மேல இன்னொரு லிண்டல் பீம் போடணும்," என்றார். "கம்பி கட்டணும், பலக அடிக்கணும், காயிற வரைக்கும் வேல நிக்கும். மழைக்கு முன்ன முடிச்சே ஆகணும்னு வேலைய ஏத்துக்கிட்ட கொந்தராத்துக்காரரு நின்னாரு. பிளான்ல இருக்குதே, படம் புடிக்க வருவாங்களேன்னு நான் கேட்டேன். பாத்தா இருக்கிற மாதிரி இருந்தா போதும்னாரு."

"அச்சு யாரு வெட்டுனது?"

"நாந்தான்."

"கறுப்பு அடிச்சது?"

தைலப் போத்தலை எடுத்து மூடியைத் திருகினார்.

"நம்ம அம்மா இருக்கிற வீட்டையாவது தொறந்து வச்சிருக்கலாமே அண்ணே."

"யோசிச்சேன்." இப்போதுதான் என்னைப் பார்த்தார். "ஒன் வீட்டுல மட்டும் வெளிச்சம் தெரிஞ்சா மத்தவங்க கேப்பாங்க. மொதல்ல நீயே கேப்ப. அடுத்து கொத்மலைப் பக்கம் வேல வருது. அதுக்கு என்னையவே பொறுப்பாப் போடுறேன்னு சொல்லியிருந்தாரு."

நான் கேட்பேன் என்பதற்காகவே அம்மாவின் சுவரையும் அடைத்திருக்கிறார். அதை அவர் சாதாரணமாகச் சொன்னார். வேலை இடத்தில் வந்த ஒரு சிக்கலை எப்படிச் சமாளித்தேன் என்று சொல்வது போல.

அம்மா தேத்தண்ணி கொண்டுவந்து அவர் முன்னால் வைத்தார். எல்லாவற்றையும் கேட்டிருந்தார். "ஆறிப் போகுது, குடிப்பா," என்றார். பிறகு என் பக்கம் திரும்பி, "அவன் என்னா பண்ணுவான்? சொன்ன வேலையச் செஞ்சிருக்கான்," என்றார். சொல்லி முடிப்பதற்குள் இருமல் வந்து சுவரைப் பிடித்துக்கொண்டார்.

அண்ணன் கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார். "அடுத்த ஞாயிறு வந்து இந்த வீட்டுச் செவத்த ஒடச்சு, சரியா வச்சுத் தாறேன். நீ யாருக்கும் சொல்லாத."

"மத்த பத்தொம்போது வீடு?"

"அதெல்லாம் பேசாத தங்கச்சி."

அவர் பாதையில் இறங்கிப் போவதைப் பார்த்துக்கொண்டே நின்றேன். முதலாவது பொய்யைக்கூட ஒருநாள் மன்னித்திருப்பேனோ என்னவோ. தன்னோடு என்னையும் அதற்குள் கூப்பிட்டது தாங்கவில்லை.

மறுநாள் பாடசாலை விட்டு வந்ததும் ஈர்க்கை எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனேன். முன்பு ஊதுபத்தி கொண்டு போன அதே ஆட்களிடம். ஒருவர் கதிரையில் ஏறிப் பார்த்துவிட்டு என் முகத்தைப் பார்க்காமல் உள்ளே போய்விட்டார். குழாயடியில் இரண்டு பேர், டீச்சருக்குத் தெரியாமலா அண்ணன்காரன் செஞ்சிருப்பான் என்று பேசிக்கொண்டது காதில் விழுந்தது. நான் அடுத்த வீட்டுக்கு நடந்தேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பியிருந்த அக்கா முழுவதையும் கேட்டார்.

"ஒங்க வாய நம்பித்தான் டீச்சர் வந்தோம்," என்றார். திட்டவில்லை. திட்டியிருந்தால் எனக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

எல்லோரிடமும் கையெழுத்து வாங்கி முறைப்பாடு எழுதினேன். சில வாரம் கழித்து வேறொரு அதிகாரி வந்தார். பாதையில் நின்றபடியே சுவரைப் படம் எடுத்துவிட்டு, "வென்டிலேஷன் தியெனவனே," என்றார். காற்றோட்டத் துவாரம்தான் இருக்கிறதே என்று. நான் கதிரையைக் கொண்டுவந்து போட்டேன். ஏறினார். விரலை உள்ளே விட்டார். வெளியே எடுத்துப் பார்த்தபோது நுனி கறுத்திருந்தது. கைக்குட்டையில் துடைத்துக்கொண்டு, இதைச் செய்தது யார் என்று கேட்டார்.

கூட்டம் சுற்றி நின்றது. சிங்களத்தில் அண்ணனை அய்யா என்பார்கள்.

"மகே அய்யா," என்றேன். என் அண்ணன்.

அவர் எழுதுவதை நிறுத்தி ஒரு தடவை என்னைப் பார்த்தார். பிறகு எழுதிக்கொண்டார்.

கொந்தராத்துக்காரர் தனக்கு எதுவும் தெரியாது, மேசன்மார் செய்த வேலை என்று எழுதிக் கொடுத்தார். கொத்மலை வேலை அவரிடமே இருந்தது. அண்ணனைத்தான் நீக்கினார்கள். அங்கே சுவர்களை ஒவ்வொன்றாகக் கம்பி விட்டுச் சோதித்துப் பார்த்துத்தான் எடுக்கிறார்களாம். அது மட்டும் நடந்தது. எங்கள் வீடுகளைத் திருத்தித் தருவதாகச் சொன்னவர்கள் வரவில்லை. ஹட்டனிலிருந்து வேறொரு மேசனைக் கூட்டிவந்து நாங்களே உடைத்தோம். ஜன்னலுக்கு மேலே இடம் விட்டுவிட்டுச் சின்னச் சின்னதாகத் திறந்து, மழைக்கு வெளியே தகரத் தட்டு வைத்தார் அவர். அக்காவின் சமையலறையைத்தான் முதலில் திறக்கச் சொன்னேன்.

உடைத்து முடித்த அன்று அக்கா அடுப்பு மூட்டினார். நான் கதவோரம் நின்றேன். புகை மேலே போய், சற்றுத் தயங்கி, பிறகு புதுத் துவாரத்தின் பக்கம் சாய்ந்து வெளியே போனது. துவாரத்தில் வெளிச்சம் தெரிந்தது. அக்கா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீங்க அப்பச் சொன்னது சரிதான் டீச்சர்," என்றார். முன்பு போல உள்ளே வந்து உட்காரச் சொல்லவில்லை.

அண்ணன் அதன்பின் வரவில்லை. அம்மா மாதம் ஒரு தடவை ரயிலில் வட்டவளை போய்வருவார். கூடப் பிறந்தவளே காட்டிக் கொடுத்தாள் என்று அண்ணன் அங்கே சொல்லிக்கொண்டிருப்பதாக அண்ணியின் உறவுக்காரர் ஒருவர் என்னிடம் சொன்னார். அம்மா அப்படி எதுவும் கொண்டுவந்து சொல்வதில்லை.

போன தீபாவளிக்கு ஒரு கிழமை முன்னால், அம்மா அங்கிருந்து வந்து, பையைக் கீழே வைத்துவிட்டுச் சொன்னார்.

"வரலாமான்னு கேட்டான்."

"நீங்க என்னாம்மா சொன்னீங்க?"

"அவன் கட்டுன வீடுதானே, வரட்டும்னேன்."

நான் பிள்ளைகளின் கொப்பி திருத்திக்கொண்டிருந்தேன். அம்மா என் பதிலுக்காகக் காத்திருந்தார். ஒரு கொப்பியை முடித்து அடுத்ததை எடுத்தேன். அவர் இன்னும் கொஞ்ச நேரம் நின்றுவிட்டு, உடுப்பு மாற்ற உள்ளே போனார்.

தீபாவளிக்கு அண்ணன் வரவில்லை. அம்மா என் சார்பில் என்ன பதில் அனுப்பினார் என்று நான் கேட்கவுமில்லை.